தரங்கம்பாடி மிசனின் கல்விப் பணியை நடத்தியோர்

தரங்கம்பாடி மிசன் என்பது 1706ஆம் ஆண்டு முதல் தஞ்சாவூர் வட்டாரத்தில் செயற்பட்ட ஐரோப்பியச் சமய, கல்வி அமைப்பு ஆகும். டேனிஷ்–ஹாலே மிசன் என்ற பெயராலும் இது அறியப்படுகிறது. டென்மார்க் அரசரின் ஆதரவு, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்த பிராங்கே அறநிலையங்களின் ஆள்வளம், லண்டனில் இயங்கிய ஒரு கிறித்தவக் கழகத்தின் பொருளுதவி ஆகிய மூன்றும் சேர்ந்து இவ்வமைப்பை நடத்தின. சமயம் பரப்புதலே இதன் முதன்மை நோக்கம். எனினும் அந்நோக்கத்திற்காகத் திறக்கப்பட்ட பள்ளிகள், அச்சகம், மொழியாய்வு ஆகியன தமிழருக்கும் ஐரோப்பியருக்கும் இடையில் இருவழிக் கல்விப் பரிமாற்றம் ஒன்றை உருவாக்கின.

இப்பணியை வழிநடத்தியவர்கள் என ஐரோப்பியர் சிலரின் பெயர்களே பெரும்பாலும் குறிப்பிடப்படுகின்றன. தமிழ் ஆசிரியர்கள், உபதேசியார்கள், தஞ்சை மராத்திய மன்னர்கள் ஆகியோரின் பங்கும் இதில் பெரிது. ஒரு பண்பாட்டினர் மற்றொரு பண்பாட்டினருக்குக் கல்வி அளிக்கும்போது முடிவெடுப்பவர் யார், கற்பவர் யார், சமமாக அமர்பவர் யார் என்ற கேள்விகள் இவ்வமைப்பின் வரலாறு முழுவதும் எழுந்துள்ளன.

பின்னணி

தரங்கம்பாடி காவிரி வடிநிலத்தின் கடற்கரையில் அமைந்த ஊர். தற்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாத நாயக்கர் டேனியர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அவர்கள் இங்கு வணிகத் தலம் அமைத்தனர். டேன்ஸ்போர்க் கோட்டை அக்காலத்தைச் சேர்ந்தது. 1845இல் டேனியர்கள் இவ்வூரைப் பிரித்தானியருக்கு விற்றனர்.

டேனியரின் ஆட்சி தரங்கம்பாடியிலும் அதனை அடுத்த சில சிற்றூர்களிலும் மட்டுமே செல்லுபடியாகும். அதற்கு அப்பால் இருந்த நெல் வயல்களும் ஊர்களும் 1670களிலிருந்து தஞ்சை மராத்தியர் ஆட்சியில் இருந்தன. ஐரோப்பிய மிசனரிகள் அந்த எல்லைக்குள் தம் விருப்பப்படி சென்றுவர இயலவில்லை. இப்பணியில் தமிழர்கள் பெற்ற முக்கியத்துவத்திற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம் ஆகும்.

நிர்வாக அமைப்பு

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே (1663–1727) ஹாலே நகரை அடுத்த கிளௌகா என்னும் ஊரில் திருச்சபைப் போதகராக இருந்தார். 1695இல் ஏழைச் சிறுவருக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1698இல் அனாதை இல்லத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பள்ளிகள், ஆசிரியர் பயிற்சி, அச்சகம், புத்தகக் கடை, மருந்தகம் ஆகியவை அடங்கிய பெரிய வளாகமாக அது விரிவடைந்தது. நன்கொடையும் மருந்து, புத்தக விற்பனையின் வருவாயும் அதன் செலவுகளுக்குப் பயன்பட்டன.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் தரங்கம்பாடிக்கு மிசனரிகளை அனுப்ப விரும்பியபோது, ஹாலேயில் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் புளூட்சௌவும் தெரிவு செய்யப்பட்டனர். இருவரும் 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடி வந்தடைந்தனர். பின்னர் 1714இல் கோபன்ஹேகனில் மிசன் குழு ஒன்று அமைக்கப்பட்டது. லண்டனில் 1698இல் தோன்றிய கிறித்தவ அறிவு பரப்பும் கழகம் பணமும் அச்சுக்கருவியும் அனுப்பியது.

இவ்வாறு தரங்கம்பாடியில் இருந்தவர்கள் மூன்று நகரங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. கடிதங்கள் கப்பலில் சென்றன. ஒரு கடிதத்திற்குப் பதில் கிடைக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆவதுண்டு. ஐரோப்பிய நன்கொடையாளர்களுக்காக ஹாலேயில் 1710 முதல் அறிக்கைகள் அச்சிட்டு வெளியிடப்பட்டன. தமிழகத்தைப் பற்றிய பல செய்திகள் ஜெர்மன் மொழி வாசகர்களை அடைய இவ்வறிக்கைகள் வழிவகுத்தன.

சீகன்பால்கும் முதற் பள்ளிகளும்

சீகன்பால்க் (1682–1719) தமிழ் கற்ற முறை குறிப்பிடத்தக்கது. அவர் உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணவர்களுடன் தம் வீட்டுக்கு வரவழைத்தார். சிறுவர்களுடன் தாமும் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரும் அவருக்குத் துணையாக இருந்தார். பின்னர் ஓலைச் சுவடிகளைத் திரட்டிப் படித்து, நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகளுடன் 1708இல் ஒரு நூற்பட்டியலைத் தொகுத்தார்.

1707இல் மிசனின் பள்ளிகள் தொடங்கப்பட்டன. தமிழ் வழியில் ஒன்றும் போர்த்துக்கேய வழியில் ஒன்றும் நடைபெற்றன. பெண் பிள்ளைகளுக்கும் அதே ஆண்டில் கல்வி தொடங்கப்பட்டது. ஏழை மாணவர்களுக்கு உணவும் உடையும் வழங்கப்பட்டன. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றுடன் கிறித்தவ வினாவிடையும் கற்பிக்கப்பட்டது. உள்ளூர் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்க 1716இல் ஒரு பயிற்சிப் பள்ளி அமைக்கப்பட்டது.

பாடநூல் தேவைக்காக அச்சுத்தொழில் வளர்ந்தது. லண்டன் கழகம் அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் வந்தது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துருக்கள் 1713இல் வந்தன. அவை அளவில் பெரியனவாக இருந்ததால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துருக்கள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. அருகிலுள்ள பொறையாறில் தாள் ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது.

1712 முதல் 1714 வரையான காலத்தில் சீகன்பால்கும் அவருடைய உடன்பணியாளர் யோகான் எர்ன்ஸ்ட் கிரூண்ட்லரும் தமிழ் அறிஞர்களிடம் சமயம், சமூக வழக்கம், மருத்துவம், கல்வி முதலியன குறித்து எழுத்துமூலம் வினாக்கள் கேட்டனர். ஏறக்குறைய 100 கடிதங்கள் விடையாகக் கிடைத்தன. இக்கடிதங்களை எழுதிய தமிழர்கள் தம் நிலைப்பாட்டை வாதிட்டுக் காத்தனர். கிறித்தவர்களின் நடத்தையைக் குறைகூறவும் செய்தனர். இவை ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே அறிக்கைகளில் வெளியாயின.

ஐரோப்பிய நிர்வாகத்துடன் முரண்பாடு

களத்தில் இருந்தவர்களுக்கும் ஐரோப்பாவில் இருந்த பொறுப்பாளர்களுக்கும் இடையில் இருமுறை பெரும் கருத்து வேறுபாடு தோன்றியது.

முதலாவது, தமிழர் சமயத்தைப் பற்றிய அறிவு தொடர்பானது. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு குறித்துச் சீகன்பால்க் 1713இல் விரிவான நூல் ஒன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். மிசனரிகள் அனுப்பப்பட்டது அச்சமயத்தை அகற்றுவதற்கே தவிர, அதனை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது பிராங்கேயின் கருத்து. ஆகவே நூல் அச்சேறவில்லை. 1867இல்தான் வில்லெல்ம் கெர்மன் அதனைச் சென்னையில் பதிப்பித்தார். எழுதப்பட்டதற்கும் அச்சானதற்கும் இடையில் 150 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

இரண்டாவது, பள்ளிகளைப் பற்றியது. கோபன்ஹேகன் மிசன் குழுவின் செயலாளராக இருந்த கிறிஸ்டியன் வென்ட், மிசனரிகள் கட்டடமும் உடைமையும் இன்றித் திருத்தூதர்களைப் போல ஊர் ஊராகச் சென்று போதிக்க வேண்டும் எனக் கருதினார். பள்ளிகளுக்கும் அச்சகத்திற்கும் பணம் செலவிடுவதை அவர் கண்டித்தார். பள்ளியில் உணவு உண்டு தங்கிய பிள்ளைகளும், ஆசிரியர்களின் ஊதியமும் இச்செலவையே நம்பியிருந்தன. தஞ்சை நாட்டுக்குள் ஐரோப்பியர் தடையின்றிச் செல்ல முடியாத நிலையில் ஊர் ஊராகப் போதிக்கும் திட்டமும் நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தது. இப்பிணக்கு தீராத நிலையில், 1719 பெப்ரவரி 23 அன்று சீகன்பால்க் தம் 36ஆவது வயதில் காலமானார். கிரூண்ட்லரும் அடுத்த ஆண்டில் இறந்தார்.

தமிழ்ப் பணியாளர்கள்

ஐரோப்பியர்கள் எண்ணிக்கையில் எப்போதும் சிலரே. அவர்களுள் பலர் வந்த சில ஆண்டுகளில் நோயால் இறந்தனர். பள்ளிகளின் அன்றாட நடைமுறை தமிழ்ப் பணியாளர்களின் கையிலேயே இருந்தது.

மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் 1714இல் சீகன்பால்குடன் ஐரோப்பா சென்றார். ஹாலேயில் 1716இல் இலத்தீன் மொழியில் அச்சான தமிழ் இலக்கண நூலின் உருவாக்கத்திற்கு அவர் துணைபுரிந்தார். தாயகம் திரும்பிய பின்னர் மிசனில் பணியாற்றினார். நூலின் ஆசிரியராகச் சீகன்பால்கின் பெயரே வழங்குகிறது.

கடலூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்த ஆறுமுகம் பிள்ளை, ஆரோன் என்ற பெயருடன் 1718இல் திருமுழுக்குப் பெற்றார். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பணியாற்றிய இவர் 1733 திசம்பர் 28 அன்று குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். புரட்டஸ்தாந்து சபையில் இந்நிலையை அடைந்த முதல் இந்தியர் இவரே. 1745இல் மறைந்தார்.

தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் தஞ்சை நாட்டின் ஊர்களில் சபைகளை வளர்த்த முதன்மையான உபதேசியார் ஆவார். ஆரோன் தெரிவு செய்யப்பட்டபோது இவரது பெயரும் கருதப்பட்டது. ஆயினும் இவர் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். இவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதியினர் உடன்படமாட்டார்கள் என மிசனரிகள் அஞ்சினர். பின்னர் 1741இல் தியோகு என்பவருக்கு அப்பதவி கிடைத்தது. பல்லாண்டுகள் பணியாற்றியும் இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். தரங்கம்பாடியில் 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலும் உயர்சாதியினரும் பறையரும் தனித்தனியே அமர்ந்தனர். எழுத்தறிவைப் பொதுவாக்க முயன்ற அமைப்பு, இருக்கையைப் பொதுவாக்க முன்வரவில்லை.

சுவார்ட்ஸும் தஞ்சைப் பள்ளிகளும்

கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் (1726–1798) 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின் 1778 முதல் தஞ்சாவூரில் வாழ்ந்தார். தமிழ், போர்த்துக்கேயம், பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகிய மொழிகளை அறிந்திருந்தார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1781இல் ஐதர் அலியின் படையெடுப்பால் வடிநிலத்தின் வேளாண்மை சீர்குலைந்து, தஞ்சைக் கோட்டையில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஊர்ப்புறங்களில் நெல் இருந்தது. ஆனால் முன்பு கொடுத்த நெல்லுக்கும் மாட்டுக்கும் பணம் பெறாமல் ஏமாந்த உழவர்கள் அரசரின் சொல்லையோ கும்பினியின் சொல்லையோ நம்பவில்லை. பணம் கொடுப்பதற்குச் சுவார்ட்ஸ் பொறுப்பேற்ற பிறகே அவர்கள் இசைந்தனர். சில நாட்களுக்குள் 1000க்கும் மேற்பட்ட காளைகள் கிடைத்ததாகவும், 80,000 கலம் நெல் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டதாகவும் அவரது கடிதம் கூறுகிறது. சில ஆண்டுகளுக்குப் பின், அதிகாரிகளின் கொடுமையால் நாட்டைவிட்டுச் சென்ற குடிகளைத் திரும்ப அழைக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார்.

1784ஐ ஒட்டி, தஞ்சை அரசவையில் கும்பினியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவன் ஆங்கிலம் கற்பிக்கும் மாகாணப் பள்ளிகளுக்கான திட்டத்தை முன்வைத்தார். சுவார்ட்ஸ் பொறுப்பேற்றார். தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் பள்ளிகள் தோன்றின. 1787இல் கும்பினி இயக்குநர்கள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 வராகன் உதவித்தொகை அனுமதித்தனர். இந்தியாவில் கும்பினி பள்ளிகளுக்கு அளித்த தொடக்ககால உதவிகளுள் இது ஒன்று. தஞ்சை மன்னர் துளசா, ஒரு கிராமத்தின் வருவாயைச் சுவார்ட்ஸின் அனாதைப் பிள்ளைகள் பள்ளிக்கு வழங்கினார்.

மாகாணப் பள்ளிகளின் மாணவர்களுள் பெரும்பாலோர் பிராமணர், வணிகர் முதலிய வசதியுடைய குடும்பங்களின் பிள்ளைகள். மறைமுகமான வழிகளில் மதம் மாற்றக்கூடாது என்பதைச் சுவார்ட்ஸ் ஏற்றிருந்தார். பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பியதற்கு ஆங்கிலம் தரும் அரசுப் பணி வாய்ப்பே முதன்மைக் காரணம். பின்னாளில் திருவிதாங்கூர் திவானாக விளங்கிய தஞ்சாவூர் சுப்பாராவ் இக்கல்வியால் உயர்ந்தவர்.

இரண்டாம் சரபோசி

துளசா மன்னர் 1787இல் இறக்கும் முன் சிறுவன் சரபோசியைத் தத்தெடுத்து, அவனுடைய நலனைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைத்தார். தத்து செல்லாது என அறிவிக்கப்பட்டதால் அமர்சிங் அரியணை ஏறினார். சரபோசியின் கல்வி தடைப்பட்டது. சுவார்ட்ஸின் முயற்சியால் ஆசிரியர் அமர்த்தப்பட்டார். 1793இல் சரபோசி சென்னைக்கு அனுப்பப்பட்டு, வில்லெல்ம் கெரிக்கே என்ற மிசனரியின் மேற்பார்வையில் பயின்றார். 1798 சூனில் அரசரானார். அதே ஆண்டு பெப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் இறந்துவிட்டார்.

சரபோசி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஐரோப்பிய அறிவியலையும் நூல்களையும் அவர் தம் அரசின் மரபுகளோடு இணைத்துக்கொண்டார். 1799 உடன்படிக்கையால் நாட்டு நிர்வாகம் கும்பினிக்குச் சென்றபின், அவரது கவனம் கல்வி, மருத்துவம், நூலகம் ஆகியவற்றில் குவிந்தது. நவவித்யா கலாநிதி என்ற பெயரில் பள்ளியும் அச்சகமும் அமைத்தார். அவ்வச்சகத்தில் 1806இல் ஈசாப் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பான பாலபோத முக்தாவளி வெளியாயிற்று. ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்கு உணவளித்ததுடன் மாணவர்களுக்குப் பல மொழிகளில் கல்வியும் அளிக்கப்பட்டது. சத்திரம் என்னும் பழைய அறநிலையத்தையே புதிய பள்ளியின் இடமாக ஆக்கியது இவரது தனிச்சிறப்பு.

தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த தேவாலயத்தில் சுவார்ட்ஸின் நினைவாக இவர் நிறுவிய பளிங்குச் சிற்பம் உள்ளது. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய அச்சிற்பத்தில், இறக்கும் நிலையிலுள்ள சுவார்ட்ஸின் கையைச் சரபோசி பற்றியிருக்கும் காட்சி இடம்பெற்றுள்ளது.

வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதிப் பிணக்கும்

திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரைச் (1774–1864) சுவார்ட்ஸ் சிறு வயதில் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தார். தரங்கம்பாடியிலும் பயின்ற இவர், தஞ்சையில் ஆசிரியராகவும் புலவராகவும் விளங்கினார். 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் ஐரோப்பியப் புவியியல், வானியல் செய்திகளைத் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவில் அமைத்தார். சரபோசியின் ஆதரவும் இவருக்குக் கிடைத்தது.

1820களில் புதிதாக வந்த மிசனரிகள் சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டனர். சாஸ்திரியார் அதனை எதிர்த்தார். தனி இருக்கை உள்ளிட்ட வழக்கங்கள் நாட்டு மரபு என்றும், முன்னோரான மிசனரிகள் அவற்றை ஏற்றிருந்தனர் என்றும் வாதிட்டார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாடுகளைக் கைவிடுமாறு ஆணையிட்டபோது தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகினர். உள்ளூர் மரபை மதித்தல், அனைவரையும் சமமாக நடத்துதல் ஆகிய இரண்டும் ஒன்றோடொன்று மோதிய நிகழ்வாக இது கருதப்படுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் இராசநாயக்கன் தெரிவில் தவிர்க்கப்பட்ட கேள்வியே இங்கு மீண்டும் எழுந்தது.

இலவசப் பள்ளிகள்

1771இல் தரங்கம்பாடி வந்த கிறிஸ்டோப் சாமுவேல் யோன் (1747–1813) இயற்கை ஆய்வாளரும் கல்வியாளரும் ஆவார். முதுமையில் பார்வை குன்றிய நிலையிலும் பல சமூகத்தவரின் பிள்ளைகள் பயிலத்தக்க இலவசத் தமிழ்ப் பள்ளிகளைச் சுற்றுப்புற ஊர்களில் தொடங்கினார். இத்தகைய பள்ளிகளை அரசே ஆதரிக்க வேண்டும் எனும் அவரது கட்டுரை 1813இல் லண்டனில் வெளியாயிற்று. அதே ஆண்டில் இயற்றப்பட்ட பட்டயச் சட்டம், இந்தியாவில் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஒதுக்க வகைசெய்தது.

பிற்கால நிலை

1840களில் தரங்கம்பாடிப் பணி லைப்சிக் மிசனிடம் சென்றது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. தஞ்சாவூர் தூய பேதுரு மேல்நிலைப் பள்ளி தன் தொடக்கத்தைச் சுவார்ட்ஸின் பள்ளியுடன் தொடர்புபடுத்துகிறது.

ஹாலேயில் இருந்த அறநிலையங்கள் 1946இல் தம் சட்டத் தகுதியை இழந்து பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டன. கிழக்கு ஜெர்மனி காலத்தில் கட்டடங்கள் சிதைவுற்றன. ஜெர்மனி ஒன்றிணைந்தபின் 1992இல் பிராங்கே அறக்கட்டளை மீண்டும் நிறுவப்பட்டது. நூலக அறிஞர் பவுல் ராபே (1927–2013) 2000ஆம் ஆண்டு வரை அதன் இயக்குநராக இருந்து கட்டடங்களை மீட்டெடுத்தார். அவருக்குப்பின் யான்-ஹென்ட்ரிக் ஓல்பர்ட்ஸும், 2003 முதல் வரலாற்றாளர் தோமஸ் முல்லர்-பால்கேயும் அப்பொறுப்பை ஏற்றனர். தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களும் தமிழ் ஓலைச் சுவடிகளும் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

2006இல் மிசனின் 300ஆம் ஆண்டு நிறைவையொட்டி மூன்று தொகுதிகளாக வெளிவந்த ஆய்வு நூலை ஜெர்மானியரும் தமிழரும் இணைந்து பதிப்பித்தனர். அவர்களுள் ஒருவரான ஐக்கே லீபாவ், மிசனின் உள்ளூர்ப் பணியாளர்களைப் பற்றித் தனி நூலும் எழுதியுள்ளார். தரங்கம்பாடியில் சீகன்பால்க் வாழ்ந்த இல்லம் புதுப்பிக்கப்பட்டு, பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடலைக் கருப்பொருளாகக் கொண்ட அருங்காட்சியகமாக 2017இல் திறக்கப்பட்டது.

மதிப்பீடு

மாறுபட்ட மொழியும் சமயமும் உடையோர் ஒரே சமூகத்தில் உரிமையுடன் வாழப் பழக்கும் கல்வி, தற்காலத்தில் பண்பாடுகளுக்கு இடையிலான குடிமைக் கல்வி எனப்படுகிறது. தரங்கம்பாடி மிசனை அப்பொருளில் அழைக்க இயலாது. மற்றொரு சமயத்தைத் தவறெனக் கருதிய நிலையிலிருந்தே அது தொடங்கியது.

ஆயினும் அதன் வரலாறு இத்தகைய அமைப்புகளின் தலைமை குறித்துச் சிலவற்றைத் தெளிவுபடுத்துகிறது. களத்திலிருந்து வந்த அறிவைத் தலைமையகம் ஏற்க மறுத்தபோது இழப்பு கற்பவர்களுக்கும் ஏற்பட்டது, தலைமையகத்திற்கும் ஏற்பட்டது. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக அமர்ந்தபோது பணி வளர்ந்தது. உழவர்களின் நம்பிக்கையும் மன்னரின் ஆதரவும் கிடைத்த இடத்தில் பள்ளிகள் நிலைத்தன. பணிச்சுமையைத் தமிழர்களுடன் பகிர்ந்துகொண்ட அளவுக்கு அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளாமையும், சாதி குறித்து நூறாண்டுக் காலம் முடிவெடுக்காமையும் அதன் பெரும் குறைகளாக வரலாற்றாசிரியர்களால் சுட்டப்படுகின்றன.